சுண்ணாம்புக் கை

கீரை ஆய்வதில் சவுரியம்மாளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எந்த இலையையும் திருப்பிப் பார்க்காமல் முறத்தில் போடமாட்டாள். மேல்பக்கம் பளபளவென்று ஆளை மயக்கும். பூச்சி முட்டை வைப்பதெல்லாம் அடிப்பக்கத்தில்தான். கழுவுவதிலும் அவளுக்கென்று ஒரு முறை. அகன்ற மண்சட்டி நிறையத் தண்ணீர் ஊற்றி, கீரையைப் போட்டு அலசி, கொஞ்ச நேரம் சும்மா விட்டுவிடுவாள். மண் அடியில் போய்த் தங்கும். பிறகு கீரையை மட்டும் கையால் மேலாக அள்ளி அடுத்த சட்டிக்கு மாற்றுவாள். அவசரக்காரிகள் சட்டியோடு சாய்த்துத் தண்ணீரைக் கொட்டுவார்கள். அடியில் கிடந்த மண்ணெல்லாம் மறுபடி கீரைமேலேயே வந்து உட்காரும். அப்படிக் கழுவுகிறவளைக் கண்டால் சவுரியம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வரும். வாயை அடக்கவும் தெரியாது, நேராகவே கேட்டுவிடுவாள்.

தண்ணீரும் சாதாரணத் தண்ணீர் ஆகாது. தோல் பதனிடும் கார்கானாக்களை ஒட்டிய கிணற்றுத் தண்ணீர் கரித்தது. அதனால் விடிந்ததும் பாலாற்றுக்குப் போய், மணலைக் கையால் பறித்து, ஊறி வரும் தண்ணீரைக் கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தில் நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டு வருவாள். குடிக்க ஒரு குடம், கீரைக்கு ஒரு குடம். "கீரைக்கு ஊத்துத் தண்ணியா? மகாராணிதான் போ" என்று தெருப் பெண்கள் கேலி செய்வார்கள். மகாராணி அதற்கெல்லாம் அசைந்து கொடுக்கமாட்டாள்.

இவ்வளவு பார்க்கிறவள் வசதியான வீட்டுப் பெண் என்று நினைத்துவிட வேண்டாம். ஆம்பூரில் அப்துல் சமத் சாயபுவின் தோல் பதனிடும் கார்கானாவில் ஆவாரம்பட்டை இடிப்பது அவள் வேலை. அவள் புருஷன் இருதயராஜுக்கு அங்கேயே சுண்ணாம்புக் குழியில் வேலை. ஆட்டுத்தோலிலிருந்து முடி கழன்று வருவதற்காகச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப் போடுவார்கள். அந்தக் குழியில் இறங்கித் தோலைப் புரட்டிப் போடுவதும், ஊறியதை மேலே தூக்கிக் கொடுப்பதும் அவன் பாடு. பிறந்த இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் இரண்டு சின்ன மேடுகள் இருந்தன, வீட்டில் இவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அந்த வெறுமை தெரியாமல் இருக்கத்தானோ என்னவோ, சாயங்காலமானால் இருவரும் முறத்துக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து கீரை ஆய்வார்கள். ஆண்பிள்ளை கீரை ஆய்கிறானே என்று ஆரம்பத்தில் தெருவே சிரித்தது. அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "சுண்ணாம்புல வெந்த கைக்குப் பச்சை எலையத் தொட்டா சில்லுனு இருக்குது" என்று ஒருமுறை சொன்னான், அவ்வளவுதான்.

சிரித்த தெருவே பிறகு அவனிடம் வந்து நின்றது. காரணம் தூதுவளை. மழைக்காலம் தொடங்கினால் கார்கானாத் தெருவில் இருமல் இல்லாத வீடு கிடையாது. இருமலுக்குத் தூதுவளையைவிட்டால் வேறு மருந்தும் கிடையாது. ஆனால் அந்தக் கொடியைப் போல முரட்டுக் கீரை உலகத்தில் இல்லை. தண்டெல்லாம் கொக்கி முள். போதாததற்கு இலையின் முதுகு நரம்பிலும் முள். துவையல் அரைப்பதற்கு முன் ஒவ்வொரு இலையாகத் திருப்பி அந்த முள்ளைக் கிள்ளி எடுக்கவேண்டும். ஒரு கைப்பிடி இலை ஆய்வதற்குள் விரலெல்லாம் ரத்தப் புள்ளி வைத்துவிடும். இருதயராஜோ கொத்தமல்லி ஆய்கிற மாதிரி ஆய்ந்து போடுவான். ஒரு முகச்சுளிப்பு கிடையாது, ஒரு 'ஸ்' கிடையாது.

"சுண்ணாம்புக் கைடி அது. முள்ளு எறங்குமா?" என்று தெருவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. இத்தனை வருஷம் சுண்ணாம்பில் ஊறிய கை தோலாகவே பதப்பட்டுவிட்டது என்று அவர்கள் நினைத்தார்கள். தோல் பதனிடுகிற ஊர்க்காரர்களுக்கு வேறு எப்படி நினைக்கத் தோன்றும்? வீட்டுக்கு வீடு தூதுவளைக் கட்டுகள் வந்தன. சாயபுவின் மனைவி நசீமுன்னிசா பேகம்கூட வேலைக்காரியிடம் ஒரு கூடை கொடுத்தனுப்பினாள். சவுரியம்மாளுக்குப் பெருமை பிடிபடவில்லை. தன் புருஷன் கையில் முள் இறங்காது என்று அவளும்தான் வாய் நிறையச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அதை நினைத்து நினைத்துப் பின்னால் எத்தனை நாள் அழுதாள் என்பது மாதாவுக்குத்தான் வெளிச்சம்.

கிறிஸ்துமஸ் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலு வந்தான். சுண்ணாம்புக் குழியில் இருதயராஜுக்கும் முந்தியவன், அவனுக்கு வேலை பழக்கிக் கொடுத்தவன். இருதயராஜ் கடைப்பக்கம் போயிருந்தான். சவுரியம்மாள் முறத்தில் தூதுவளையைப் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வரட்டும், இருந்து பாத்துட்டுப் போறேன். சும்மா இன்னாத்துக்கு உக்காரணும், குடு தங்கச்சி, நானும் ஒரு கை ஆயறேன்" என்று வேலு ஒரு கொடியை இழுத்தான். இழுத்த வேகத்தில், "யம்மாடியோ!" என்று கையை உதறினான். கட்டைவிரல் நுனியில் ரத்தம் துளிர்த்தது.

சவுரியம்மாள் சிரித்துவிட்டாள். "இன்னாண்ணே, அவர விட நீதான் ஜாஸ்தி வருசம் குழில நிக்கிற. சுண்ணாம்புக் கைக்கு முள்ளு வலிக்குமா?"

வேலு விரலை வாயில் வைத்துச் சூப்பிக்கொண்டே அவளைப் பார்த்தான். "நல்லா கேட்ட போ. சுண்ணாம்பு தோல அரிச்சி அரிச்சி எடுத்துடுதும்மா. உள்ள இருக்கறது பச்சப்புள்ள தோலு மாதிரி. சோத்துல கைய வெச்சா எரியுது, உப்பு பட்டா உசுரு போவுது. எங்க குழில நிக்கறவன் எவனை வேணா கேளு. எல்லாருக்கும் இதே பேஜாருதான்."

வேலு சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போய்விட்டான். அவன் மனதில் ஒன்றும் இல்லை. இருதயராஜ் வரும்வரை இருந்து, பேசிவிட்டு, புறப்பட்டுப் போனான். சவுரியம்மாளோ அவன் சொன்னதையே பிடித்துக்கொண்டாள். சுண்ணாம்பு வலியைக் கூட்டும் என்றால், இவனுக்கு வலிக்காமல் போனது எதனால்? போன மாதம் கொதிக்கிற ரசச் சட்டியை வெறும் கையால் இறக்கி வைத்தானே, கொப்புளம் வந்த பிறகுதானே அவனே பார்த்தான்? முழங்கைக்குக் கீழே வெளிறிய ஒரு தேமல் இருக்கிறதே, சுண்ணாம்பு பட்டு வெளுத்தது என்று இரண்டு பேரும் விட்டுவிட்டோமே? ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. இலையை எல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்தவள் புருஷன் கையைத் திருப்பிப் பார்க்கவில்லை.

அவள் தூதுவளைத் தண்டிலிருந்து ஒரு முள்ளைக் கிள்ளி எடுத்துக்கொண்டு போய் அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"கைய நீட்டுயா. கண்ண மூடிக்க. குத்தினா சொல்லு."

"இன்னா வெளையாட்டு இது?" என்று சிரித்துக்கொண்டே அவன் வலது கையை நீட்டினான், கண்ணை மூடினான். அவள் சுண்டுவிரலில் குத்தினாள். அவன் முகத்தில் அதே சிரிப்பு. மோதிர விரலில் குத்தினாள். நடுவிரலில் இன்னும் அழுத்திக் குத்தினாள். ரத்தம் துளிர்த்து விரல் இடுக்கில் இறங்கியது.

"சீக்கிரம் குத்துடி. எத்தினி நேரம் கண்ண மூடிக்கினு இருக்கறது?" என்றான் இருதயராஜ்.

அவள் முள்ளைக் கீழே வைத்தாள். அவன் கண்ணைத் திறந்து, முதலில் அவள் முகத்தைப் பார்த்தான், பிறகு தன் கையைப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது.

இரண்டு பேரும் வேலூருக்கு ரயிலேறினார்கள். யாரோ ஒரு உறவுக்காரருக்கு உடம்பு சரியில்லை என்று தெருவில் சொல்லிவிட்டுப் போனார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் இருதயராஜின் கையைப் பஞ்சால் தடவினார், ஊசியால் தொட்டார், முழங்கை நரம்பை அழுத்தினார். நடு நடுவே "தெரியுதா?" என்று கேட்டார். பாதி நேரம் அவன் தெரியவில்லை என்றான். பாதி நேரம் சும்மா இருந்தான். கடைசியில் டாக்டர் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, அது பெருவியாதி, குஷ்டம் என்று சொன்னார்.

சவுரியம்மாளுக்கு முதலில் கீரைதான் ஞாபகம் வந்தது. "அம்மா, இவர் கையால ஆய்ஞ்ச கீரைய எங்க தெருவே துன்னுச்சேம்மா."

"அதனால யாருக்கும் ஒண்ணும் வராது. இவருக்கு வந்திருக்கிறது நரம்போட நிக்கிற வகை, மத்தவங்களுக்கு ஒட்டாது. நீ இவரோட இருக்கலாம், ஒண்ணாச் சாப்பிடலாம்" என்றார் டாக்டர். "இப்ப காப்பாத்த வேண்டியது இவர் கையைத்தான். வலி தெரியாத கைக்குக் காயம் பட்டா யாரும் கவனிக்கமாட்டாங்க. புண்ணாகும், புரையோடும், விரல் போகும். சுண்ணாம்பு கூடாது, சூடு கூடாது, முள் கூடாது. தினமும் சாயங்காலம் நீ இவர் கையைக் கழுவி, உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு எல்லாம் பார்க்கணும். வாரா வாரம் வந்து நீரடிமுத்து எண்ணெய் ஊசி போட்டுக்கணும்."

"உணர்ச்சி திரும்பி வருமா?" என்று கேட்டது இருதயராஜ்.

"சில பேருக்குக் கொஞ்சம் வரும். வரும்னு வாக்குக் குடுக்க முடியாது" என்றார் அவர்.

சவுரியம்மாள் கார்கானா மேஸ்திரியிடம் போய், புருஷனுக்கு இருமல் முற்றிவிட்டது, குழி ஈரம் ஆகாது என்று அழுதாள். அழுகைக்குப் பொய் தேவைப்படவில்லை. வாரா வாரம் வேலூர் போவதற்கும் அதே இருமல்தான் சாக்கு. மேஸ்திரி சாயபுவிடம் சொல்லி இருதயராஜைப் பட்டைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார். அந்தக் காரியம் சுலபமாக முடிந்தது. சுலபமாக முடியாதது தூதுவளை.

தெருவுக்கு விஷயம் தெரியாதே. கட்டுகள் வந்துகொண்டே இருந்தன. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்ற ஒரு கேள்வி போதும், நூல் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் ஆற்று ஊற்றடியில், கோயிலில், கார்கானாவில் அவர்களுக்கு இடமிருக்காது. அதனால் சவுரியம்மாள் எல்லாக் கட்டையும் சிரித்த முகமாக வாங்கிக்கொண்டாள். கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் தானே ஆய்ந்தாள். ஊற்றுத் தண்ணீரில் அலசி, மேலாக அள்ளி, ஈரம் வடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "உன் வூட்டுக்காரரு கையே கை" என்று வாங்கிக்கொண்டு போனார்கள். மறுநாள் கார்கானாவில் ஆவாரம்பட்டையை இடிக்கும்போது, பட்டையின் துவர்ப்புச் சாறு அவள் விரலில் உள்ள ஒவ்வொரு முள் குத்திலும் இறங்கும். பல்லைக் கடித்துக்கொண்டு உலக்கையைப் போடுவாள். அவனுக்கு வரவேண்டிய வலியெல்லாம் நமக்கு வருகிறது, வரட்டும் என்று நினைத்துக்கொள்வாள்.

இருதயராஜ் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். டாக்டர் சொன்னதை அவன் நம்பவில்லை. ஒட்டாது என்று அந்த அம்மாள் சமாதானத்துக்குச் சொல்லியிருக்கிறார் என்று அவன் எண்ணம். தனித் தட்டு வைத்துக்கொண்டான். தனிப் பாய் போட்டுக்கொண்டான். முறத்தின் அருகிலேயே வரமாட்டான். முள்ளில்லாத சிறுகீரையை அவள் எடுத்து வைத்தாலும் தொடமாட்டான். சாயங்காலம் கையைக் கழுவிப் பார்க்க மட்டும் நீட்டுவான். அவள் இலையைப் பார்க்கிற மாதிரியே முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலம் தொடங்கும் சாம்பல் புதன் அன்று கோயிலில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்த பிறகு அவன் சொன்னான்.

"சவுரி, தபசுகாலம் முடியற வரைக்கும் பாக்கறேன். பாஸ்காவுக்குள்ள இந்தக் கைல ஒரு வெரலுக்காவது உணர்ச்சி வரணும். வரலன்னா நான் போய்டறேன்."

"எங்க போவ?"

"வேலூருக்கு அந்தாண்ட எங்கள மாதிரி ஆளுங்களுக்கு ஒரு வூடு இருக்குதாம். ஊசி போட்டுக்க வர்றவன் ஒருத்தன் சொன்னான். நான் போய்ட்டா நீ தெருவுல தலை நிமிந்து நடப்ப. இல்லன்னா என்னோட சேந்து நீயும் சாவணும்."

"எங்கள மாதிரி ஆளுங்கன்னு எப்ப சேந்துக்கின அவங்களோட?" என்று அவள் கத்தினாள். சாதாரணமாகப் பிடிவாதக்காரன் இல்லை அவன். அப்படிப்பட்டவன் ஒரு முடிவுக்கு வந்தால் மாற்றுவது கஷ்டம் என்று அவளுக்குத் தெரியும்.

தபசுகாலத்தில் கவிச்சி கிடையாது. நாள் தவறாமல் கீரைதான். அந்த நாட்களில் சவுரியம்மாள் எப்படிக் கழுவினாள், எப்படிக் கடைந்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஒருநாள் கீரை நறநறவென்று மண்ணாக இருந்தது. சட்டியோடு சாய்த்துக் கொட்டியிருக்கிறாள். அவளே அப்படிச் செய்தாள்! இருதயராஜ் ஒரு வார்த்தை சொல்லாமல் அவ்வளவையும் சாப்பிட்டு எழுந்தான். அவனுக்கும் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது.

வாரம் ஒருமுறை, ஊசி போட்டுக்கொண்டு திரும்பிய நாளில், அவன் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டுவான். அவள் முள்ளின் நுனியால் மெல்லத் தொட்டுப் பார்ப்பாள். ஒவ்வொரு தடவையும் அவன் ஒன்றும் சொல்லாமல் காத்திருப்பான். அவள் முள்ளைத் தூர எறிந்துவிட்டு, "ஆச்சி" என்பாள். ஒருமுறைகூட "இல்லை" என்று அவள் சொல்லவில்லை. ஆச்சி என்றால் இல்லை என்றுதான் அவனுக்கு அர்த்தமாயிற்று.

பாஸ்காவுக்கு முந்தின நாள் வந்தது. அவன் காலையிலேயே வேட்டி இரண்டையும் துவைத்துக் கொடியில் போட்டான். காய்ந்ததும் மடித்து ஒரு துணிப்பையில் வைத்தான். ஜெபமாலையை எடுத்து அதன்மேல் வைத்தான். சவுரியம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள், தடுக்கவில்லை. ஆற்றங்கரை வேலியில் அறுத்து வந்த கடைசித் தூதுவளைக் கொடி முறத்தில் கிடந்தது. வெயில் ஏற ஏறக் கொடி வாடிவிட்டது, முள் மட்டும் வாடவில்லை.

சாயங்காலம் அவன் அவள் எதிரில் வந்து உட்கார்ந்தான். சொல்லாமலே கையை நீட்டினான், கண்ணை மூடினான்.

அவள் ஊற்றுத் தண்ணீரை மொண்டு அவன் கையைக் கழுவினாள். திருப்பிப் பார்த்தாள். புண் ஒன்றும் இல்லை. விரல் ஐந்தும் ஐந்தாக இருந்தன. இந்தக் கையை இத்தனை நாள் காப்பாற்றினோமே, நாளைக்கு யார் இதைக் கழுவுவார்கள், யார் திருப்பிப் பார்ப்பார்கள் என்று நினைத்தாள். தண்டிலிருந்து ஒரு முள்ளைக் கிள்ளி எடுத்தாள். எடுத்தவளுக்குக் கை நகரவில்லை. முள் குத்தும், அவனுக்குத் தெரியாது, அவன் எழுந்து பையை எடுத்துக்கொள்வான். அவ்வளவுதான் மிச்சம். முள்ளைப் பிடித்தபடியே அவள் உட்கார்ந்திருந்தாள்.

"ஸ்ஸ்… ஆ!" என்றான் இருதயராஜ்.

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அவன் கண் இறுக மூடியிருந்தது.

"குத்திச்சி சவுரி. சுண்டுவெரல்ல சுருக்குனு குத்திச்சி" என்றான் அவன். இமைக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிந்து கன்னத்தில் இறங்கியது.

சவுரியம்மாள் தன் விரலிடுக்கில் இருந்த முள்ளைப் பார்த்தாள். அது இன்னும் அவனைத் தொடவேயில்லை. போக மனமில்லாத மனிதன் வேறு எப்படித்தான் சொல்வான்? அவள் அந்த முள்ளைச் சத்தமில்லாமல் அடுப்புச் சாம்பலில் போட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வாழ்நாளில் ஒரு இலையைக்கூட அடிப்பக்கம் பார்க்காமல் விடாதவள், அவன் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டாள்.

"ஆமாயா. இப்பத்தான் குத்தினேன்" என்றாள்.

எழுந்து போய்த் துணிப்பையிலிருந்த வேட்டிகளை எடுத்து மறுபடி கொடியில் போட்டாள். மறுநாள் சமையலுக்கு வாங்கி வைத்திருந்த சிறுகீரைக் கட்டைப் பிரித்து முறத்தில் கொட்டி, முறத்தை இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தாள். இருதயராஜ் முறத்தின் அருகில் நகர்ந்து வந்தான். பிறகு ஒரு தண்டை எடுத்து, இலையைத் திருப்பிப் பார்த்து, கிள்ளி, அவள் பக்கம் போட்டான்.